உதிர்ந்த இரண்டு ஸ்டிக்கர்கள்

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு செப்டம்பர் மாதம் அது. டெல்லியில் யூசுப் சராய் பக்கம் இருந்த ஓர் ஆங்கிலச் சுற்றுலாப் பத்திரிகையில் நான் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவன் நான். தமிழ் நன்றாகப் படிப்பேன். இங்கிலீஷில் கடைப் பலகையும் வண்டி நம்பரும் படிப்பேன், அவ்வளவுதான். என் ஜீப்பில் போய் வந்தவர்கள் எழுதியதில் ஒரு வரியைக்கூட நான் படித்ததில்லை. யாரிடமும் அதிகம் பேசவும் மாட்டேன். கேட்டால் பதில் சொல்வேன். அதுவும் முடிந்தவரை ஒரே வார்த்தையில்.

அந்த வருடம் எங்கள் எடிட்டருக்கு ஒரு யோசனை வந்தது. பயணம் போகிறவர்கள் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் சின்ன கேமராக்கள் அப்போது கடைகளில் நிறைய வந்திருந்தன. ஃபிலிம் ரோல் போடும் கேமராக்கள்தான். அவற்றில் ஐந்தை எடுத்துக்கொண்டு, ஆள் நடமாட்டமே இல்லாத மலைப் பகுதிக்குப் போய், ஒரே இடத்தில் நின்று ஐந்திலும் ஒரே காட்சியைப் படம் எடுக்க வேண்டும். எது நல்ல கேமரா என்று பத்திரிகை சொல்லும். மலையில்தான் வெயில் கூர்மையாக இருக்கும், பனி கண்ணைப் பறிக்கும், குளிர் பேட்டரியைக் கொல்லும், அங்கே தேறினால்தான் தேறியது என்பார் அவர்.

முந்தைய வருடம் வேறொரு பொருளைப் பற்றி எழுதியபோது, எழுதியவர் ஒரு கம்பெனிக்குச் சாதகமாக நடந்துகொண்டார் என்று புகார் வந்திருந்தது. அதனால் இந்த முறை எடிட்டர் ஒரு கட்டுப்பாடு வைத்தார். கேமராக்களின் பெயர் மேல் கறுப்பு டேப் ஒட்டி, வெள்ளைப் பெயிண்டில் ஒன்று முதல் ஐந்து வரை நம்பர் போட்டார். கட்டுரை எழுதுகிறவர் படம் மட்டும் எடுக்கலாம், ரோலைத் தொடக்கூடாது. ரோலைப் போடுவதும் எடுப்பதும் அதற்குச் சரியான நம்பர் ஸ்டிக்கரை ஒட்டுவதும் டிரைவர் வேலை. "இவனுக்கு எந்தக் கம்பெனியும் தெரியாது. இவன்தான் சரி" என்று இந்தியில் சொல்லி என் தோளில் தட்டினார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

எழுதப் போனவர் ஒரு தமிழ்ப் பெண். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். பிறந்தது, வளர்ந்தது எல்லாம் டெல்லி. தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. வேலையில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆறாவது மாதம்தான் வேலையை நிரந்தரம் செய்வார்கள். அதற்குள் பெரிய கட்டுரை ஒன்று எழுதிக் காட்ட வேண்டும். இதுதான் அந்தக் கட்டுரை என்று போகும் வழியிலேயே சொன்னார். வழியெல்லாம் அவர்தான் பேசினார்.

"அண்ணா, நீங்க ஏன் பேசவே மாட்டேங்கறீங்க? நானே பேசி நானே கேட்டு எனக்கே போர் அடிக்குது."

"ரோடு பாக்கணும் மேடம்."

"ரோட்டைக் கண்ணால பாருங்க. வாய் சும்மாதானே இருக்கு?"

மணாலி தாண்டி, ரோத்தாங் கணவாய் தாண்டி, ஸ்பிட்டி போகும் பாதையில் மூன்று நாள் அலைந்தோம். அதை ரோடு என்று சொல்ல முடியாது. ஆறு ஒதுக்கிப் போட்ட கற்களின் மேல் ஜீப்பை ஏற்றி இறக்குவதுதான். மரம் கிடையாது, செடி கிடையாது. நிறம் நிறமாக மலையும் மேலே கறுப்பாகத் தெரிகிற அளவுக்கு நீல வானமும்தான். அவர் ஆற்றங்கரையில் நின்று ஐந்து கேமராவிலும் மாற்றி மாற்றி எடுத்தார். கணவாயில் பனிக்குப் பக்கத்தில் நின்று எடுத்தார். நான் ஒவ்வொன்றாக நீட்டுவேன், அவர் அழுத்துவார், நான் வாங்கிக்கொள்வேன். "ஜல்தி அண்ணா, லைட் போயிடும்" என்பார். ஒரே இடம், ஒரே நேரம், ஒரே காட்சி. ஐந்து ரோலிலும் ஒரே படங்கள்தான் வரிசையாக இருக்கும்.

நான்காம் நாள் காலை, சந்திரதால் என்ற ஏரிக்கு நடந்து போனோம். அந்தத் தண்ணீரின் நிறத்தை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அங்கேதான் ஐந்து ரோலும் தீர்ந்தன. நான் ஒரு பாறைக்குப் பின்னால் காற்றுக்கு மறைவாக உட்கார்ந்து ரோல்களை எடுத்தேன். ஸ்டிக்கரை ரோலின் மேலேயே ஒட்டி, பிறகு டப்பியில் போட வேண்டும் என்று எடிட்டர் சொல்லியிருந்தார். விரல் மரத்துப் போயிருந்தது. அந்தச் சின்ன ரோலின் மேல் ஒட்ட வரவில்லை. டப்பியின் மூடி தட்டையாக இருந்ததால் அதன் மேல் ஒட்டிவிட்டேன். எங்கே ஒட்டினால் என்ன, நம்பர் இருந்தால் சரி என்று நினைத்தேன். கீழே ஜீப்புக்கு வந்ததும் ஸ்டியரிங் முன்னால் இருந்த தட்டில் ஐந்து டப்பியையும் இடமிருந்து வலமாக வரிசையாக வைத்தேன். எனக்கு எதையும் எழுதி வைத்துப் பழக்கமில்லை. வரிசையாக வைத்தால் மறக்காது.

திரும்பும்போது ஓர் ஓடையைக் கடக்க வேண்டியிருந்தது. காலையில் உறைந்து கிடந்த தண்ணீர் வெயிலில் உருகி வேகமாக ஓடியது. சக்கரம் ஒரு குழியில் இறங்கி ஏறியதில் ஜீப் தூக்கிப் போட்டது. ஐந்து டப்பியும் உருண்டு என் காலடியில் விழுந்தன.

கரை ஏறி வண்டியை நிறுத்திவிட்டுக் குனிந்து பொறுக்கினேன். ஒன்று, மூன்று, ஐந்து சரியாக இருந்தன. மற்ற இரண்டு டப்பிகளின் மூடி வெறுமையாக இருந்தது. இரண்டாம் நம்பர் ஸ்டிக்கர் கீழே ரப்பர் விரிப்பில் கிடந்தது. நான்காம் நம்பர் என் ஷூவில் ஒட்டியிருந்தது. குளிரில் பசை பிடிக்கவே இல்லை.

அவர் பின் சீட்டில் கம்பளி போர்த்திப் படுத்திருந்தார். உயரம் ஒத்துக்கொள்ளாமல் தலைவலி. கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"என்னாச்சு அண்ணா?"

"ஒண்ணுமில்ல மேடம்."

அந்த வார்த்தையை நான் யோசித்துச் சொல்லவில்லை. எனக்கு எப்போதும் வாயில் இருப்பது அதுதான். சொன்ன பிறகு அதைத் திரும்ப எடுக்க முடியவில்லை. இரண்டு டப்பியையும் கையில் வைத்துப் பார்த்தேன். ஒரே கனம், ஒரே கறுப்பு. இதுதான் இடது பக்கம் விழுந்தது, அப்போது இது இரண்டு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, எச்சில் தொட்டு ஒட்டினேன்.

பையில் இன்னும் ஐந்து புது ரோல்கள் இருந்தன. அப்போதே சொல்லியிருந்தால், மறுநாள் காலை ஏரிக்குப் போய் வேறு ரோலில் எடுத்திருக்கலாம். எல்லாம் ஒரு காலைப் பொழுதில் முடிந்திருக்கும். இதை நான் பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஏனென்றால் மறுநாள் அவரே அதைக் கேட்டார். பாதையோரத்தில் கூடாரம் போட்டு டீக்கடை வைத்திருந்த இடத்தில் தங்கியிருந்தோம். காலையில் அவருக்குத் தலைவலி போய்விட்டது. டீ கிளாசைக் கன்னத்தில் வைத்துச் சூடு காட்டிக்கொண்டே, "அண்ணா, இன்னொரு தடவை ஏரிக்குப் போயிட்டு வரலாமா? சும்மா, பாக்கறதுக்கு" என்றார்.

அங்கே இன்னொரு மணி நேரம் இருந்தாலும் என் முகம் காட்டிக் கொடுத்துவிடும் என்று பயமாக இருந்தது. "வேணாம் மேடம், பனி வர மாதிரி இருக்கு" என்றேன். வானத்தில் ஒரு மேகம் இல்லை. அவர் மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார், போய் வண்டியில் உட்கார்ந்தார்.

டெல்லி வந்த பிறகு என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. ஒரே நாளில் ஜீப்பை மூன்று தடவை கழுவினேன். டயரில் காற்று பார்த்தேன், மறுபடியும் பார்த்தேன். அப்போது நாங்கள் கிட்வாய் நகரில் ஓர் அரசாங்க ஊழியரின் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் குடியிருந்தோம். ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போய்ப் புழுங்கல் அரிசி வாங்கி வரச் சொன்னால் பச்சரிசி வாங்கி வந்தேன். என் மனைவி பையைத் திறந்து பார்த்துவிட்டு, "என்னா, மலையில எதனா பாத்துப் பயந்துகினு வந்துட்டியா?" என்றாள். ஒண்ணுமில்ல என்றேன்.

நான்கைந்து நாள் கழித்து, கழுவி வந்த படங்களை ஆபீசில் நீள மேசை மேல் பரப்பினார்கள். எடிட்டர் வெளியிலிருந்து மூன்று போட்டோகிராபர்களை அழைத்திருந்தார். படத்தின் பின்னால் நம்பர் மட்டும்தான் இருக்கும். நான் டீ கொண்டு போய் வைத்துவிட்டுக் கதவருகில் நின்றேன். போகச் சொல்வார்கள் என்று பார்த்தேன், யாரும் சொல்லவில்லை. மூன்று பேரும் தனித்தனியாகப் பார்த்தார்கள். மூன்று பேரும் ஒரே ஏரிப் படத்தில் விரலை வைத்தார்கள். திருப்பினால், இரண்டு. ஓரமெல்லாம் மங்கி, நீலம் சாம்பலாகிப் போன ஒரு படத்தைக் கடைசி என்று ஒதுக்கினார்கள். அது நான்கு.

எடிட்டர் மேசையைத் தட்டினார். இரண்டாம் நம்பர், ஐந்திலும் விலை குறைந்த கேமரா. நான்காம் நம்பர், ஐந்திலும் விலை கூடியது. "இதுதான் அட்டைப்படக் கட்டுரை" என்றார். அந்தப் பெண் என் பக்கம் திரும்பிச் சிரித்தார். நான் காலி கிளாஸ்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

உண்மையாகவே இரண்டாம் நம்பர்தான் நல்ல கேமராவோ என்னவோ, பாதி வாய்ப்பு இருக்கிறதே என்று மனதைத் தேற்றிப் பார்த்தேன். அது இரண்டு நாள்கூட நிற்கவில்லை. எங்கள் குவார்ட்டர்ஸ் வீட்டுக்காரர் ஒரு மாலை என்னைக் கூப்பிட்டார். அவர் கும்பகோணத்துக்காரர், செலவு செய்வதற்கு முன் நான்கு பேரைக் கேட்பவர். வயதான அப்பா அம்மாவைப் பத்ரிநாத் கூட்டிப் போகப் போவதாகச் சொன்னார்.

"ஒரு கேமரா வாங்கலாம்னு இருக்கேன். உங்க பத்திரிகைல டெஸ்ட் பண்ணிருக்கீங்களாமே. எது நல்லதுன்னு போடறாளோ, கண்ண மூடிண்டு அதையே வாங்கிடறேன். அச்சுல வந்தா சரியாத்தானே இருக்கும்?"

நான் தலையை ஆட்டினேன். ஆட்டியது ஆமாம் என்றா இல்லை என்றா என்று எனக்கே தெரியாது. அச்சில் வருவதற்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

அந்த மூன்றாம் நாள் மதியம், பக்கங்களையும் அச்சுக்கான ஃபிலிமையும் ஓக்லாவில் இருந்த அச்சகத்துக்குக் கொண்டு போக வேண்டும். அந்தப் பெண்ணே கொண்டு போனார். பெரிய கவரை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தார். ஆபீசிலிருந்து கிளம்பும்போதே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். முதல் சிக்னல் வந்தது. அடுத்த சிக்னலில் சொல்லலாம் என்று நினைத்தேன். சவுத் எக்ஸ் போனது, மூல்சந்த் போனது, லாஜ்பத் நகர் போனது. ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் வாயைத் திறப்பேன், பச்சை விழும். ஆஷ்ரம் நாற்சந்தியில் வண்டிகள் நாலாபக்கமும் அடைத்து நின்றுவிட்டன. எந்தப் பக்கமும் நகர முடியாது. இனி தள்ளிப் போட ஒரு சிக்னலும் பாக்கி இல்லை.

"மேடம்."

"ம்?"

"அந்த ரெண்டாம் நம்பரு, ரெண்டாம் நம்பரு இல்லாமகூட இருக்கலாம் மேடம்."

"மத்லப்? அப்படின்னா?"

சொன்னேன். மூடி மேல் ஒட்டியது, ஓடை, காலடியில் விழுந்தது, எச்சில் தொட்டு ஒட்டியது எல்லாம் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. அவர் கவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பின்னால் பஸ்காரன் ஹார்னிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

"அன்னிக்கு நான் கேட்டேன்ல, என்னாச்சுன்னு?"

"கேட்டீங்க மேடம்."

"மறுநாளும் கேட்டேன். ஏரிக்குப் போலாமான்னு. பனி வரும்னீங்க. எனக்கும் கண்ணு இருக்கு அண்ணா. சரி, பாவம், இவருக்கு வீட்டுக்குப் போகணும் போலன்னு நினைச்சேன்."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் அன்றைக்கு என்னை நினைத்து இரக்கப்பட்டிருக்கிறார் என்பதுதான் தாங்க முடியவில்லை. அவர், "வண்டியத் திருப்புங்க" என்றார். வழி கிடைத்ததும் திருப்பினேன்.

ஆபீசில் அவர் நேராக எடிட்டர் அறைக்குள் போனார். நான் வெளியே நின்றேன். கண்ணாடிக் கதவு சரியாகச் சாத்தவில்லை. அவர் இந்தியில் சொல்வது கேட்டது. இரண்டு ரோல்கள் மாறிவிட்டன, தொடாவிட்டாலும் கடைசியில் கண்ணால் சரிபார்க்க வேண்டியது நான், நான் பார்க்கவில்லை, தப்பு என்னுடையது என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் பேச்சையே எடுக்கவில்லை.

நான் அங்கேயே நின்றிருக்கலாம். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. இன்னொரு தடவை சும்மா இருந்தால் போதும், எல்லாம் முடிந்துவிடும். கால் படிக்கட்டுப் பக்கம்தான் திரும்பியது. இரண்டு படி இறங்கக்கூடச் செய்தேன். என்ன நினைத்துத் திரும்பினேன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பொறுக்க முடியவில்லை, அவ்வளவுதான். அந்த அறைக்குள் கூப்பிடாமல் நான் போனது அதுதான் முதல் தடவை.

"சார், தப்பு அவங்களுது இல்ல. என்னுது" என்றேன் இந்தியில்.

எடிட்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ரெண்டு பேருமே தப்பு என்னுதுன்னா, நான் யாரைத் திட்டறது? டாஸ் போட்டுப் பாக்கவா?" என்றார். நாங்கள் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. பிறகு இரண்டு பேரையும் சேர்த்தே திட்டினார். என் எதிரிலேயே அச்சகத்துக்கு போன் செய்து, அட்டையை மாற்றச் சொன்னார். எப்போதோ எழுதி வைத்திருந்த ஒட்டகச் சவாரிக் கட்டுரை ஒன்று அந்த இடத்துக்குப் போனது.

மறுபடி மலைக்குப் போக முடியவில்லை. அதற்குள் நிஜமாகவே பனி விழுந்து கணவாயை மூடிவிட்டது. கம்பெனிகளுக்குத் திருப்பிக் கொடுத்திருந்த அந்த இரண்டு கேமராக்களையும் மறுபடி கேட்டு வாங்கி, டெல்லியிலேயே ரிட்ஜ் காட்டில் வைத்து எடுத்துப் பார்த்தார்கள். இப்போது எதில் ஓரம் மங்குகிறதோ, அதுதான் ஏரியிலும் மங்கியது என்று கண்டுபிடித்துவிடலாமே என்று. நவம்பர் மாதம். வானமே சாம்பல். இரண்டு ரோலும் ஒரே மாதிரி வந்தன. போட்டோகிராபர்களில் ஒருவர் படங்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, "டெல்லிப் புகையில எல்லா கேமராவும் ஒரே விலைதான்" என்றார்.

கடைசியில் மூன்று கேமராக்களைப் பற்றி மட்டும், உள்ளே இரண்டு பக்கம் வந்தது. அந்தப் பெண்ணின் வேலையை நிரந்தரம் செய்வதை இன்னும் ஆறு மாதம் தள்ளிப் போட்டார்கள். என்னை இரண்டு மாதம் வெளியூர் வண்டிக்கு அனுப்பவில்லை. அவ்வளவுதான் எனக்கு. அது எனக்கு இன்னும் உறுத்தலாக இருந்தது.

அவர் பல நாள் என் வண்டியில் பேசாமல் வந்தார். ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார். நான் கண்ணாடியில் பார்ப்பேன், பார்வையை எடுத்துக்கொள்வேன். ஒருநாள் அவரே, "நீங்க பேசாம இருந்தா பரவால்ல, பழக்கம். நான் பேசாம இருந்தா எனக்குத் தலை வலிக்குது" என்றார்.

அன்றைக்குத்தான் கேட்டேன். "ஏன் மேடம் உங்க மேல போட்டுக்கிட்டீங்க?"

"எனக்கு வேலை போனா அப்பா வீட்டுல உக்காந்து சாப்பிடுவேன். உங்களுக்குப் போனா?" என்றவர், கொஞ்ச தூரம் போன பிறகு, "ஆனா நீங்க உள்ள வருவீங்கன்னு நான் நினைக்கவே இல்ல அண்ணா" என்றார்.

அந்த இதழ் வந்தபோது பத்திரிகையை விரித்து, கட்டுரையின் அடியில் இருந்த இரண்டு வரிகளை விரலால் காட்டி எனக்குத் தமிழில் சொன்னார். ரோல்கள் மாறிப்போனதால் இரண்டு கேமராக்களின் முடிவை நாங்கள் தரவில்லை, வாசகர்கள் மன்னிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். யார் மாற்றியது என்று இல்லை. வீட்டுக்காரர் கேட்டபோது எது நல்லதென்று தெரியலைங்க என்றேன். "அங்கேயே வேலை பாக்கறீர், தெரியலைங்கறீரே" என்று அவருக்குக் கோபம். அடுத்த கோடையில் கோவில் நடை திறந்ததும், ஒரு சொந்தக்காரரிடம் கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு பத்ரிநாத் போனார்.

அதே கோடையில் அந்தப் பெண்ணுக்கு வேலை நிரந்தரமானது. அன்றைக்கு என்னிடம் ஒரு கவர் கொடுத்தார். அந்த இரண்டு ஏரிப் படங்கள். ஒன்றில் தண்ணீர் நீலமாக, கல் கல்லாகத் தெரியும். இன்னொன்றில் எல்லாம் மங்கல். பின்னால் போட்டிருந்த நம்பரை அவர் பேனாவால் அடித்திருந்தார். இரண்டையும் ஒரே சட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் எந்தப் படம் எந்த கேமராவில் எடுத்தது என்று கேட்பார்கள். தெரியாது, என் தப்பால் தெரியாமல் போய்விட்டது என்று சொல்லி, முழுக் கதையையும் சொல்வேன்.

அந்தப் பத்திரிகை இப்போது இல்லை, அவர் எந்த ஊரில் இருக்கிறார் என்றும் எனக்குத் தெரியாது. தமிழ் படிக்கத் தெரியாததால் இதை அவர் படிக்கவும் போவதில்லை. ஆனால் அன்றிலிருந்து யாராவது "என்னாச்சு?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல" என்று சொல்வதற்கு முன்னால், என் காலடியில் ஏதாவது விழுந்து கிடக்கிறதா என்று ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொள்கிறேன்.